முன்பணம் யாருடைய பணம்?

முன்பணம் என்னும் சொல்லை நெசவாளர்களுக்கும் உழவர்களுக்கும் எவரும் விளக்கிக் கூற வேண்டுவதில்லை. வீட்டில் ஒரு திருமணம், ஒரு நோய், தறி நனைந்து நின்ற ஒரு மழைக்காலம் என்று ஜவுளி முதலாளியிடம் முன்பணம் வாங்கிய நெசவாளி, அது தீரும் வரையில் அவர் கொடுத்த பாவை, அவர் சொன்ன கூலிக்கு நெய்ய வேண்டியவரானார். வாங்கிய கை கட்டுண்டது. அந்தக் கட்டை அவிழ்ப்பதற்கென்றே பல ஊர்களில் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன.

இன்று வேறொரு வகை முன்பணம் நாட்டில் பெருகி வருகிறது. பயிற்சி வகுப்பு, உடற்பயிற்சிக் கூடம், அழகு நிலையம், கணினிக் கல்வி என எங்கு சென்றாலும் ஓராண்டுக் கட்டணத்தையும் மொத்தமாக முதல் நாளிலேயே கேட்கிறார்கள். மொத்தமாகக் கொடுத்தால் தள்ளுபடி உண்டு என்று ஆசை காட்டுகிறார்கள். கொடுத்த பிறகு இடையில் நின்றுவிட நேர்ந்தால் ஒரு காசும் திரும்பாது என்கிறார்கள். பழைய முன்பணத்தில் வாங்கியவர் கட்டுண்டார். இந்தப் புதிய முன்பணத்திலோ கொடுத்தவரே கட்டுண்டு நிற்கிறார். இந்த விசித்திரத்தைக் குறித்துச் சில சொற்கள் கூறுவது நமது கடமையென்று கருதுகிறோம்.

சென்ற திங்களில் நமது சங்க அலுவலகத்துக்கு உறுப்பினர் ஒருவர் வந்திருந்தார். நாற்பது ஆண்டுகளாகத் தறியில் அமர்ந்தவர். அவருடைய மகன் காவலர் தேர்வுக்கு ஆயத்தம் செய்து வருபவர். அத்தேர்வில் எழுத்துத் தேர்வோடு ஓட்டம், கயிறு ஏறுதல், தாண்டுதல் முதலிய உடல்திறன் தேர்வுகளும் உண்டு. ஆகவே, இளைஞர்கள் ஜிம் என்று வழங்கும் உடற்பயிற்சிக் கூடமொன்றில், தனிப் பயிற்சியாளர் ஒருவரிடம் 48 வகுப்புகள் பயில்வதென்று பேசி, 24,000 ரூபாயை ஒரே தவணையில் செலுத்தினார்கள். தந்தை போனசாகப் பெற்றதும், தாய் சீட்டுக் கட்டிச் சேர்த்ததும் சேர்ந்தே அந்தப் பணம். 11 வகுப்புகள் நடந்தன. அதன் பின்னர் ஒரு நாள் விடியற்காலை ஓட்டத்தில் பையனுடைய கணுக்காலில் தசைநார் கிழிந்தது. மூன்று மாதம் காலை ஊன்றி ஓடக் கூடாது, பளு தூக்கக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

கூடத்தாரிடம் போய்க் கேட்டபோது ரசீதின் அடிப்புறத்தைக் காட்டினார்களாம். “செலுத்திய தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது” என்று அங்கே பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. வேண்டுமானால் மிச்ச வகுப்புகளை வேறொருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், அதற்கு 2,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றும் சொன்னார்களாம்.

நமது உறுப்பினர் சங்கத்துக்கு வந்தது இதை முறையிடுவதற்கன்று. மருத்துவச் செலவுக்குக் கடன் கேட்கவே வந்தார். பேச்சுவாக்கில்தான் இச்செய்தி வெளிப்பட்டது. அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்டீர்களா என்று வினவியபோது அவர் சொன்ன மறுமொழி நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. “கையெழுத்துப் போட்டுவிட்டோம் ஐயா, இனிக் கேட்பது முறையா?” என்றார் அவர்.

நெய்து தருவதாகச் சொன்ன சேலையைச் சொன்ன நாளில் தந்து பழகிய ஒருவருடைய நாணயம் அந்தக் கேள்வியில் பேசுகிறது. அதை நாம் மதிக்கிறோம். ஆயினும் அந்த நாணயத்தையே பிறர் முதலாக்கிப் பிழைக்க இடங்கொடுக்கலாகாது. ஆதலால் அவருடைய கேள்விக்கு விடை கூறுவோம்.

நடந்த வேலைக்கே விலை

ஒரு பொருளுக்கோ ஊழியத்துக்கோ விலை கொடுக்கிறோம். ஊழியம் நடந்த அளவுக்கு அந்த விலை கொண்டவருக்குச் சொந்தமாகிறது. நடவாத ஊழியத்துக்காக முன்கூட்டிக் கொடுத்த தொகை அவரிடம் ஒப்படைக்கப்பட்ட தொகையே ஆகும். நாளை நடக்கப்போகும் 37 வகுப்புகளுக்கான பணத்தை இன்றே கொடுத்தவர், கூடத்தாருக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தவராகிறார். கடன் கொடுத்தவர் கணக்குக் கேட்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் தங்கள் சிறு கடையைத் திறந்த கூட்டுறவு முன்னோடிகளிடையே நெசவாளர்களும் இருந்தார்கள். ரொக்கத்துக்கே விற்பது, கடனுக்கு விற்பதில்லை என்பது அவர்கள் தங்களுக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடுகளுள் ஒன்று. பொருளும் பணமும் ஒரே வேளையில் கைமாறினால் எவரும் எவருக்கும் அடிமைப்பட வேண்டியதில்லை. விற்பவர் கடன் கொடுத்தாலும், வாங்குபவர் முன்பணம் கொடுத்தாலும், காலம் குறுக்கே வந்து ஒருவர் மற்றவருடைய கையை எதிர்பார்த்து நிற்க நேர்கிறது.

எதிர்த்தரப்பின் நியாயம்

கூடத்தாருக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. கட்டட வாடகை, இயந்திரங்களின் விலை, மின்கட்டணம், பயிற்சியாளரின் ஊதியம் ஆகியவை ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஏறிக்கொண்டே இருப்பவை. மனம் போனபடி எல்லோரும் பாதியில் விலகினால் எந்த நிலையமும் நிலைத்திராது.

இதை நமது தொழிலைக்கொண்டே நிறுத்துப் பார்க்கலாம். ஒருவர் மகளின் திருமணத்துக்குப் பட்டுச் சேலை சொல்லி முன்பணம் கொடுக்கிறார். பட்டுக்குச் சாயம் தோய்க்குமுன்பே, வேண்டாம் என்று வந்து சொன்னால் நமக்கு நஷ்டம் ஏதும் இல்லை. சாயம் ஏறி, பாவு தறியில் பிணைத்து, பெயர் பொறித்த முந்தானை பாதி நெய்த பிறகு வேண்டாம் என்றால் நஷ்டம் உண்டு. அந்த நஷ்டத்தைக் கழித்துக்கொள்வது நியாயம். நெய்யாத சேலைக்கு முழுக் கூலியும் எடுத்துக்கொள்வது எந்த நெசவாளிக்கும் மனம் ஒவ்வாத செயல். அறுவடை இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்த உழவர், மழையால் வயலில் இயந்திரம் இறங்க முடியாமற் போனால், வந்து போன செலவை விட்டுக்கொடுப்பார். அறுக்காத ஏக்கருக்குக் கூலி கொடுப்பாரா?

தனிப் பயிற்சியும் இத்தகையதே. ஒரு மாணவர் விலகினால் பயிற்சியாளரின் அந்த ஒரு மணி நேரம் வேறொருவருக்குப் பயன்படும். பல கூடங்களில் பயிற்சியாளருக்கு நடந்த வகுப்புக்கே பங்கு தருகிறார்கள்; நடவாத வகுப்புக்குச் செலவே இல்லை. ஆகவே உண்மை நஷ்டம் சிறிதளவே இருக்கும்.

நமது உறுப்பினரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 24,000 ரூபாயை 48-ஆல் வகுத்தால் வகுப்புக்கு 500 ரூபாய். நடந்த 11 வகுப்புகளுக்கு 5,500 ரூபாய். மிச்சம் 18,500 ரூபாய். இதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1,850 ரூபாய், கூடத்தாரின் அலுவல் செலவுக்கென்று விட்டுக்கொடுத்தாலும் 16,650 ரூபாய் உறுப்பினருக்கு உரியது. இந்தப் பத்தில் ஒரு பங்கு சட்டம் வகுத்த விகிதமன்று. நியாயமென்று நமக்குத் தோன்றும் அளவேயாகும். மொத்தமாகச் சேர்ந்ததால்தான் 500 ரூபாய், தனி வகுப்புக்கு 800 ரூபாய் என்று முதலிலேயே எழுதிக் காட்டியிருந்தால், நடந்தவற்றுக்கு 8,800 ரூபாய் கழித்து 15,200 ரூபாய் தருகிறோம் என்று அவர்கள் சொல்வதிலும் பொருள் உண்டு. எதையும் தராமல் கைவிரிப்பதில் மட்டும் எந்தப் பொருளும் இல்லை.

பயிற்சியாளர் இடையில் வேலையை விட்டுப் போனாலோ, கூடம் வேறிடத்துக்குப் பெயர்ந்தாலோ, சொன்ன நேரத்தில் வகுப்பு நடத்தாவிட்டாலோ கணக்கு மாறுகிறது. அங்கே குறை கூடத்தாருடையது. மிச்சத் தொகையை எந்தக் கழிவும் இன்றிக் கேட்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்பது நம் மக்களிடையே வேரூன்றிய எண்ணம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறியவர் இவ்வளவு இழக்க வேண்டும் என்று எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடு மட்டுமே பெறத்தக்கது என்கிறது. எழுதிய தண்டத்தொகை உச்சவரம்பு, அதுவே தீர்ப்பாகிவிடாது. பத்தே சந்த் வழக்கில் 1963-இலும், கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில் 2015-இலும் உச்ச நீதிமன்றம் இப்பிரிவை ஆராய்ந்து நியாயமான இழப்பீடு என்னும் அளவுகோலையே வலியுறுத்தியது.

1986-இல் நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்குப் பதிலாக 2019-இல் வந்து, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டம், “நேர்மையற்ற ஒப்பந்தம்” என்ற கருத்தைச் சேர்த்தது. ஏற்பட்ட நஷ்டத்துக்குச் சிறிதும் பொருந்தாத தண்டத்தை நுகர்வோர்மீது சுமத்துவதும், அவருக்குப் பாதகமான நியாயமற்ற நிபந்தனை விதிப்பதும் அதில் அடங்கும். குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை, ரசீதில் கண்ட காலத்துக்குள்ளோ, காலம் குறிக்காவிடில் 30 நாட்களுக்குள்ளோ திருப்பித் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்றும் அச்சட்டம் கூறுகிறது. ரசீது கொடாமலிருப்பதும் அவ்வாறே முறையற்ற வணிகமாகும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் உடற்பயிற்சிக் கூடங்களுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தம் செய்துகொண்டவர் 5 வேலை நாட்களுக்குள் காரணம் கூறாமலே விலகலாம். உடல் ஊனமுற்றால் பெறாத சேவைக்குப் பணம் திரும்ப வேண்டும். நமது நுகர்வோர் சட்டம் அத்தகைய அவகாசம் எதனையும் வகுக்கவில்லை. மத்திய, மாநில அரசுகள் இதனை ஆலோசிக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். சேர்ந்த முதல் வாரத்துக்குள் மனம் மாறுபவருக்கு வழிவிடுவதால் நேர்மையான நிலையம் எதுவும் அழிந்துவிடாது.

கேட்கும் முறை

நியாயம் இருந்தாலும் அதைக் கேட்கும் முறையிற் கேட்க வேண்டும். கூடத்து வாயிலில் நின்று உரத்துப் பேசுவதால் பயனில்லை. வாய்ப்பேச்சு காற்றோடு போகும், எழுத்து நிற்கும்.

முதற்காரியம், விலகுவதாக முடிவு செய்த அன்றே எழுத்தில் அறிவிப்பது. நாள் தள்ளினால் அந்த நாட்களையும் கணக்கில் சேர்ப்பார்கள். மின்னஞ்சலிலோ வாட்ஸாப்பிலோ அனுப்பி, ஒரு படியை விரைவுத் தபாலிலும் அனுப்புவது நலம். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. பின்வருமாறு எழுதலாம்:

“தங்கள் கூடத்தில் இன்ன தேதியில் 48 தனிப் பயிற்சி வகுப்புகளுக்கு 24,000 ரூபாய் செலுத்தினேன், ரசீது எண் இன்னது. 11 வகுப்புகள் பெற்றேன். காலில் ஏற்பட்ட காயத்தால் தொடர இயலவில்லை. மருத்துவர் சான்று இணைத்துள்ளேன். இன்றைய தேதியிலிருந்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறேன். நடந்த வகுப்புகளுக்கான 5,500 ரூபாயும் நியாயமான அலுவல் செலவும் போக மிச்சத்தை 15 நாட்களுக்குள் எனது வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டுகிறேன். ஏதேனும் கழிவு செய்வதாயின் அதன் கணக்கை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

கடைசி வாக்கியம் முக்கியமானது. ஏன் கழித்தார்கள் என்பதற்குக் கணக்குக் காட்ட வேண்டிய பொறுப்பை அது அவர்கள்மேல் வைக்கிறது.

மறுமொழி வராவிட்டால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்துப் புகாரைப் பதியலாம். அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத புகார்கள் மாவட்ட ஆணையத்துக்கு உரியவை. 5 லட்சம் வரையில் மனுக் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் இன்றித் தாமே வாதாடலாம். கூடம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஒப்பந்தமே நேர்மையற்றது என்று அறிவிக்கக் கோருவதாயின் மாநில ஆணையத்துக்குச் செல்ல வேண்டும். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிகம் என்ற அடிப்படையில் பணம் கேட்பதற்கு மாவட்ட ஆணையமே போதும். தீர்ப்புக்குக் காலம் பிடிக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். எனினும் முறையான கடிதம் ஒன்றும் உதவி மையப் புகார் ஒன்றும் சேர்ந்தால், பெரும்பாலான நிலையத்தார் ஆணையம் வரையில் போக விரும்புவதில்லை.

இன்னொரு கண்ணியையும் கவனிக்க வேண்டும். வட்டியில்லாத் தவணை என்று சொல்லி, நமது பெயரில் ஒரு நிதி நிறுவனத்திடம் கடன் எழுதி, அந்தப் பணத்தை மொத்தமாகக் கூடத்தார் பெற்றுக்கொள்வதுண்டு. வகுப்பை நிறுத்தினாலும் கடன் நிற்பதில்லை. மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து தவணை போய்க்கொண்டே இருக்கும். தவணையை வெறுமனே நிறுத்தினால் கடன் பெயர் கெடும். ஆகவே கூடத்துக்கு எழுதும் அன்றே கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுதி, நிலைமையைத் தெரிவிக்க வேண்டும்.

கொடுக்குமுன் சிந்திப்பது

வந்தபின் மீட்பதினும் வருமுன் காப்பதே சிறந்தது. மாதக் கட்டணம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் மாதம் மாதமாகக் கட்டுவதே நன்று. தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு ஓராண்டுப் பணத்தைக் கொடுப்பவர், ஓராண்டும் தம் உடல்நிலை, வேலை, வீட்டு நிலை எல்லாம் மாறாதிருக்கும் என்று பந்தயம் கட்டுகிறார். வானத்தையும் நூல் விலையையும் நம்பிப் பிழைக்கும் நம்மைவிட, அந்தப் பந்தயத்தின் ஆபத்தை அறிந்தவர் யார்?

மொத்தமாகக் கொடுத்தே ஆக வேண்டுமாயின், நோய், இடமாற்றம், பயிற்சியாளர் மாற்றம் ஆகியவை நேர்ந்தால் எவ்வளவு திரும்பும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும். எழுதித் தர மறுப்பவரிடம் பணம் கொடாதிருப்பதே அறிவுடைமை. நடந்த ஒவ்வொரு வகுப்புக்கும் தேதியிட்டுக் குறித்து வைப்பதும் பின்னர் உதவும்.

இதை எழுதும்போது நம்மையும் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டியவர்களாகிறோம். நமது சங்கங்களும் சேலைக்கும் வேட்டிக்கும் நாற்றுக்கும் முன்பணம் வாங்குகின்றன. வாங்கியவர் விலகினால் எந்த நிலையில் எவ்வளவு திரும்பும் என்பது நமது ரசீதுகளில் தெளிவாக இருக்கிறதா? இல்லையெனில் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே அதற்கொரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். பிறரிடம் கேட்கும் நியாயத்தை முதலில் நாம் வழங்குவதே கூட்டுறவு நெறி.

நமது உறுப்பினர், மேலே கண்ட கடிதத்தைத் தம் மகன் கையெழுத்திட்டு அனுப்பச் செய்தார். முதற் கடிதத்துக்கு விடை வரவில்லை. உதவி மையத்தில் புகார் பதிந்த பின்னர், தனி வகுப்பின் விலைப்படி 15,200 ரூபாய் தர இசைந்து கூடத்தார் எழுதினார்கள். அதை ஏற்றுக்கொள்வதென்று தந்தையும் மகனும் முடிவு செய்தார்கள். மருத்துவச் செலவுக்கென்று எழுதிய கடன் மனுவை அவர் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். கையெழுத்திட்ட பின் கேட்பது முறையா என்று அன்று கேட்டாரே, அதற்கு நமது விடை இதுதான்: நடந்த வேலைக்குக் கூலியைக் குறைக்காமல் கொடுப்பதும், நடவாத வேலைக்குக் கொடுத்த பணத்தைக் கணக்கோடு கேட்பதும் ஒரே நாணயத்தின் பாற்பட்டவை. உறுப்பினர்கள் தயங்காமல் கேட்க வேண்டுமென்றும், எழுதத் தெரியாதவர்கள் சங்க அலுவலகத்தின் உதவியை நாட வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கிறோம்.